மாக்சிக்கின் முத்தம்

பிள்ளைகளே,

உங்களில் ஒருத்தி என் சொந்த மகள். அதனால் மற்றவர்களையும் அப்படியே கூப்பிடுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. போன வாரம் யாழினி வீட்டுக்கு வந்து, "எங்க மீன் காட்சியகத்துல புதுசா சேர்ந்தவங்களுக்கு நீங்க வந்து பேசணும்பா, எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காலமெல்லாம் தண்ணீருக்குள் வேலை பார்த்தவன் நான். அங்கே வாயில் குழாயைக் கடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், பேச்சுக்கு வேலையே இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. தப்பு இருந்தால் யாழினி திருத்திக்கொள்ளட்டும்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும், பம்ப்பை எப்படிக் கழுவுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் சூப்பர்வைசர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் சொல்ல வருவது வேறு. இந்த வேலையில் உங்களுக்கும் ஒரு நாள் வரும். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் கத்தும். முதலாளி கத்துவார். போனில் முகம் தெரியாதவன் எல்லாம் திட்டுவான். அன்றைக்கு உங்கள் கையில் ஒரு மீன் பக்கெட் இருக்கும். அந்தப் பக்கெட்டை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் இந்த வேலை. மற்றதெல்லாம் துடைப்பதும் கழுவுவதும்தான்.

முதலில் சிரிக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்த மீன் காட்சியகம் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இருந்தது. தனியார் இடம். முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். சீனப் புத்தாண்டுக்குத் தண்ணீருக்குள் சிங்க நடனம் ஆடச் சொல்வார். கிறிஸ்துமஸுக்குச் சிவப்புச் சட்டையும் பஞ்சுத் தாடியும். ஒரு வருஷம் தீபாவளிக்கு, "சேகரு, நீ வேட்டி கட்டிக்கிட்டு இறங்கு. எல்லாருக்கும் வணக்கம் சொல்லு" என்றார். முக்குளிக்கும் உடைக்கு மேல் வேட்டியைக் கட்டி, அது மேலே தூக்காமல் இருக்க ஓரத்தில் ஈயக் குண்டு வைத்துத் தைத்தார்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்குக் கூட நீங்க இவ்வளவு ஒழுங்கா வேட்டி கட்டல" என்றாள்.

இறங்கினேன். வெளியே ஜனம் நிரம்பி வழிந்தது. கை கூப்பினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கிளாத்தி மீன் என் காதைப் பிடித்துக் கடித்தது. அதன் பல்லைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி புரியும். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறேன், அது விட்டால்தானே. வெளியே ஒரே கைதட்டல். ஒரு பாட்டி கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டாராம். "தலையாட்டி ஆசீர்வாதம் பண்ணாரு" என்று பேசிக்கொண்டு போனார்களாம்.

காதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அந்தக் கைதட்டல் மனசில் ஒரு மூலையில் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள். உள்ளே நடப்பது அது இல்லை, அவ்வளவுதான். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

மாக்சிக் ஒரு பச்சை ஆமை. பெரியது. என் சாப்பாட்டு மேசை அளவுக்கு இருக்கும். படகின் அடியில் சுழலும் காற்றாடி பட்டு முதுகு ஓடு பின்பக்கம் உடைந்த நிலையில் மீனவர்கள் வலையில் கிடைத்தது. மீன்வள இலாகா அனுமதியோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. காயம் ஆறியும் உடம்புக்குள் காற்று தங்கிவிட்டது. பின்பக்கம் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். ஓட்டில் ஒரு எடையை ஒட்டி வைத்தால்தான் நேராக நீந்தும். கடலில் விட்டால் எடை கழன்றுவிடும், முங்க முடியாது. மிதந்துகொண்டே கிடந்து, அடுத்த படகில் அடிபட வேண்டியதுதான். அதனால் எங்களோடேயே இருந்துவிட்டது. அசைந்து அசைந்து நடக்கும் அத்தை மாதிரி இருக்கிறாள் என்று மலாய்ப் பையன்கள் அவர்கள் மொழியில் அத்தை, மாக்சிக், என்றே பெயர் வைத்தார்கள்.

மாக்சிக்கால்தான் எங்கள் இடத்துக்குப் பெயர். மத்தியானம் ஒரு பாட்டுப் போடுவார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்பார்கள். மாக்சிக் நேராக வந்து, அந்த முகத்துக்கு எதிரே வாயை வைத்துக் கண்ணாடியைத் தொடும். "ஆமை முத்தம்" என்று வெளியே பெரிய பலகையே இருந்தது. வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

அது எப்படி என்று இப்போது சொல்கிறேன். முக்குளிப்பவன் கண்ணாடி ஓரமாக நிற்பான். சோத்தோங், கணவாய்தான், அதில் ஒரு துண்டைக் கட்டை விரலால் கண்ணாடியில் வைத்து அழுத்துவான். பிள்ளையின் வாய்க்கு நேராக. விரலை எடுத்ததும் மாக்சிக் வந்து அதைக் கவ்வும். துண்டு வெள்ளையாக, மெல்லிசாக இருப்பதால் வெளியே இருப்பவர்கள் கண்ணுக்கு அது படாது. முத்தம்தான் தெரியும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கண்டுபிடித்த வித்தை இது. நான் வந்து நல்ல கைப்பழக்கமாக்கிக்கொண்டேன். யாழினியின் பிறந்தநாளுக்கு அவளுக்கும் மாக்சிக் முத்தம் கொடுத்தது. அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

ஒரு நாள் அங்கே வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் ஒரு வீடியோ எடுத்தாள். பெர்மாஸ் ஜெயாவைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை, பெயர் பிரியா. காட்சி நேரம் இல்லை. பாட்டும் இல்லை, முக்குளிப்பவனும் இல்லை. மாக்சிக் கண்ணாடியில் வாயால் மோதுகிறது, பின்னால் போகிறது, திரும்ப வந்து மோதுகிறது. வாயின் நுனியில் வெள்ளையாகத் தேய்ந்திருப்பதும், அதற்கு மேலே தோல் சிவந்திருப்பதும் நன்றாகத் தெரிந்தது. "இது முத்தம் இல்லை. வெளியே விடச் சொல்லிக் கெஞ்சுகிறது" என்று எழுதிப் போட்டிருந்தாள்.

அவ்வளவுதான். நாடு முழுக்கப் போய்விட்டது. பலகையைக் கழற்றச் சொன்னார்கள், கடையைப் பூட்டச் சொன்னார்கள், ஆமையைக் கடலில் விடச் சொன்னார்கள். யாழினி அப்போது தமிழ்ப்பள்ளியில் சின்ன வகுப்பு. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"உங்கப்பாதானே ஆமையை அடைச்சு வச்சிருக்காருன்னு கேக்கறாங்கப்பா."

"நீ என்னம்மா சொன்னே?"

"அது எனக்கு முத்தம் குடுத்துச்சுன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, அது நெசமாவே கெஞ்சுதா?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

மறுநாள் காலையில் தவுக்கே என்னைக் கூப்பிட்டார். அவர் யோங் பெங்கில் எஸ்டேட் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன். எஸ்டேட் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்தவர். அதனால் அவருக்கு எங்கள் தமிழ் வரும், முடிவில் ஒரு 'லா' போடுவார், மரியாதை மட்டும் வராது. என் மாமனாரைக்கூட "வாடா, உக்காரு" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தைக் கூட்டி வந்து மாக்சிக் முன்னால்தான் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்.

"சேகரு, நீ கேமரா முன்னாடி நில்லு. ஆமைக்கு ஜனங்கன்னா உசுரு, சந்தோஷமா இருக்கு, அதான் முத்தம் குடுக்குதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க லா. உன் மூஞ்சி அப்படி."

"ஒரு நாள் டைம் குடுங்க தவுக்கே."

"எதுக்கு? மூஞ்சி கழுவவா?"

"அது சந்தோஷமா இருக்கான்னு முதல்ல நான் பாக்கறேன்."

முறைத்தார். ஆனாலும் விட்டார்.

அன்றைக்குப் பராமரிப்புக்காகக் காட்சியகம் மூடியிருந்தது. விளக்கெல்லாம் பாதிதான். ஜனமே இல்லை. நான் கண்ணாடிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மாக்சிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது குளத்தின் பின்பக்கம் ஒரு பாறையடியில் சும்மா படுத்திருந்தது. ஸ்பீக்கர் சரி பார்க்க வந்த ஆள் தற்செயலாக அந்த மத்தியானப் பாட்டைப் போட்டான். மாக்சிக் தலையைத் தூக்கியது. படுத்த இடத்திலிருந்து அம்பு மாதிரி வந்து கண்ணாடியில் மோதியது. எதிரே ஒரு பிள்ளையும் இல்லை. நான்கூட ஓரமாகத்தான் இருந்தேன். பாட்டு நின்ற பிறகும் மோதிக்கொண்டே இருந்தது. நாங்கள் துண்டு வைத்து அழுத்தும் அந்த உயரத்தில்தான், அந்த இடத்தில்தான்.

அப்போது எனக்கு விளங்கியது. அது ஜனத்தின் மேல் உள்ள ஆசையும் இல்லை. வெளியே விடச் சொல்லிக் கெஞ்சியதும் இல்லை. கண்ணாடியில் இருந்து சோத்தோங் வரும் என்று நாங்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அது கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. தவுக்கே சொன்னதும் தப்பு, அந்தப் பெண் சொன்னதும் தப்பு. ஆனால் அந்தத் தோல் சிவந்திருந்தது மட்டும் சரி. அந்தப் பெண்தான் அதை முதலில் சத்தம் போட்டுச் சொன்னவள். அதற்கு அவளுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கூலாயில் இருந்த எங்கள் மிருக மருத்துவரை வரச் சொன்னேன். சிலோன் தமிழ்க் குடும்பத்து அம்மா. நாங்கள் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவோம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். "ஓம்" என்று தலையாட்டினார். பிறகு மாக்சிக்கை மேலே தூக்கி வாயைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே மோதினால் உள்ளே எலும்பு வரைக்கும் போய்விடும், சேகர். அதுக்குப் பிறகு தானாகச் சாப்பிட ஏலாது."

"காட்சியை நிறுத்திடறேன் டாக்டர்."

"காட்சியை நிறுத்தினால் மட்டும் போதாது. கண்ணாடியில் இனிமேல் ஒரு துண்டுகூட வரக்கூடாது. சாப்பாட்டைப் பின்பக்கம் வைக்க வேணும், இடத்தை மாத்தி மாத்தி. அது தேடிச் சாப்பிடட்டும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கோ. நிறுத்தின உடனே அது அடங்காது. முதலில் இன்னும் மோசமாக மோதும். எல்லோரும் வந்து 'ஒரு தடவை குடுங்க' என்பார்கள். நடுவில் ஒரு தடவை நீங்கள் குடுத்தால், பலமாக மோதினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிடும். பிறகு நானும் ஒன்றும் செய்ய ஏலாது. ஏலுமென்றால் மட்டும் தொடங்குங்கோ."

மிட்டாய்க் கடை வாசலில் தரையில் புரண்டு அழும் பிள்ளையை வைத்திருந்த எந்த அப்பாவுக்கும் இது விளங்கும். எனக்கும் விளங்கியது.

தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்தவர் நிமிரவே இல்லை. "அலமாக். பள்ளி விடுமுறை வருது, நீ முத்தத்தை நிறுத்தச் சொல்றே." டாக்டர் எடுத்த வாயின் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "செய்யி" என்றார். "ஆனா சீக்கிரம் செய்யி."

கெட்டியான பிளாஸ்டிக் வலையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் தண்ணீருக்குள் இறக்கினோம். மோதினாலும் வாய் தேயாமல் இருக்கத்தான். வெளியே கறுப்புத் துணி போட்டுக் கண்ணாடியை மூடினோம். பாட்டை நிறுத்தினோம். பின்பக்கம் குழாய்களின் சந்தில் கீரையைச் செருகி வைத்தோம், சோத்தோங்கைப் பாறைக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

டாக்டர் சொன்னபடியே ஆனது. மாக்சிக் வலையில் மோதியது. முன்பு எப்போதாவது மோதியது இப்போது விடாமல் மோதியது. சட்டம் சுவரில் இடிக்கும் சத்தம் கறுப்புத் துணிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்டது. கீரையைப் பேருக்குக் கொறித்தது. டாக்டர் அடிக்கடி வந்து எடை பார்த்தார். "குறைகிறது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை" என்பார். நான் தலையாட்டுவேன்.

இதற்கிடையில் புதுப் பேச்சு கிளம்பியது. ஆமை செத்துப்போச்சு, அதான் துணி போட்டு மறைச்சிட்டாங்க என்று. இலாகா அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதை யார் நம்பினார்கள்? பேரங்காடி வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள், பிரியாவும் அவர்களில் ஒருத்தி. ஓர் அட்டையில் "மாக்சிக் எங்கே?" என்று மலாயில் எழுதியிருந்தது. என் வீட்டிலும் அதே கேள்விதான். "அதுக்குப் பசிக்குமேப்பா" என்பாள் யாழினி சோற்றைப் பிசைந்துகொண்டு. "சாப்பாடு இருக்கும்மா. அது பார்க்கிற இடத்துல இல்ல, அவ்வளவுதான்" என்பேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. நான் மேலே, குளத்தின் வாயருகே நின்றிருந்தேன். அங்கே பார்வையாளர்கள் வர மாட்டார்கள். பம்ப்பும் ஏணியும் நாங்களும்தான். தவுக்கே மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு விளம்பரப் பகுதி ஆள் ஒருவர்.

"சேகரு, இறங்கு. துணியையும் வலையையும் இப்ப எடுத்துடுவோம். லைவ் போறோம். ஒரே ஒரு முத்தம். ஜனம் அதை உசுரோட பாக்கட்டும், முடிஞ்சு போச்சு லா."

"முடியாது தவுக்கே."

"முடியாதுன்னா? வெளிய கத்தறாங்க, கேக்குதா இல்லியா?"

"கேக்குது. உள்ள அது மோதறதும் கேக்குது. இப்ப குடுத்தா இத்தனை நாள் அது பட்ட பாடு வீண். திரும்பக் கண்ணாடியில மோதினா வாய் போயிடும்."

"ஒரு தடவை. ஒன்னே ஒன்னு. உன் பொண்ணு அழுதா நீ குடுக்க மாட்டியா?"

"அழுதான்னு குடுத்தா நாளைக்கு ரெண்டு மடங்கு அழுவா, தவுக்கே. உங்களுக்கும் மூணு பிள்ளைங்க இருக்காங்க. நான் சொல்லியா தெரியணும்."

அவர் முகம் சிவந்தது. "நான் முதலாளி. நான் சொல்றேன், குடு. இல்லன்னா நீ வீட்டுக்குப் போ."

போன் என் பக்கம் திரும்பியிருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கையில் இருந்த பக்கெட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதன் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தேன்.

"போறேன். ஆனா இந்தப் பக்கெட்டை டாக்டர் கையில குடுத்துட்டுத்தான் போவேன். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

"டாக்டர் கூலாய்ல இருக்காங்க!"

"அப்ப கூலாய்க்குப் பக்கெட்டோட பஸ் ஏறுவேன்."

விளம்பரப் பகுதி ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவுக்கே அவரை ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. நான் குரலை இறக்கினேன்.

"உசுரோட இருக்குன்னு காட்டணும். அவ்வளவுதானே? அந்த வீடியோ எடுத்த பொண்ணு கீழதான் நிக்குது. அவளை மேல கூட்டிட்டு வாங்க. அவ கண்ணால பாக்கட்டும்."

"நம்மள அசிங்கப்படுத்தினவளையா?"

"அவ சொன்னாத்தான் நம்புவாங்க. என் மூஞ்சியை இனிமே யாரும் நம்ப மாட்டாங்க தவுக்கே."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குளத்தைப் பார்த்தார். கீழே மாக்சிக் போய் வலையில் மோதியது. டொம். திரும்பியது. டொம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கூட்டிட்டு வா" என்றார் போன் வைத்திருந்தவரிடம்.

பிரியா வந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். சண்டைக்குத் தயாராக வந்தவள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்: "முத்தம்னு டிக்கெட் வித்தீங்களே அங்கிள், வெக்கமா இல்லியா?"

"அதை நிறுத்தியாச்சும்மா. அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன். வா."

குனிந்து பார்த்தாள். மாக்சிக் மூச்சு விட மேலே வந்தது, புஸ்ஸென்று ஊதிவிட்டு உள்ளே போனது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அது வலைக்குப் போய் மோதத் தொடங்கியது. சோத்தோங் கண்ணாடியில் வைத்து அழுத்தும் வித்தையை நான் ஒளிக்காமல் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பின்பக்கம் ஒளித்து வைத்திருந்த சாப்பாட்டையும் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே மாக்சிக்கைப் பார்த்தாள். டொம். டொம். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"பாவம் அங்கிள். ஒரே ஒரு துண்டு குடுங்களேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி மிரட்டியபோது எதிர்த்து நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கோபம் வரும், அந்தக் கோபமே நம்மைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நம் மேல் குற்றம் சொன்னவளே, அந்த மிருகத்துக்காகவே அழுது, "குடுங்க" என்று கேட்டபோதுதான் என் கை பக்கெட்டுக்குள் போகப் பார்த்தது. நல்ல மனசுதான் அப்போது நம்மைத் தள்ளுகிறது. அதை எப்படி எதிர்ப்பது?

நான் பக்கெட்டை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"எனக்கும் குடுக்கணும்னுதான் இருக்கும்மா. அதான் உக்காந்துட்டேன்."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் என் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும், தவுக்கேயும்தான், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

எழுந்தபோது அவள் சொன்னாள்: "நல்லா இருக்குன்னு நான் போட மாட்டேன் அங்கிள். உயிரோட இருக்கு, காயம் இருக்கு, வைத்தியம் நடக்குதுன்னு போடுவேன். இனிமே முத்தக் காட்சி கிடையாதுன்னு இவர் என் முன்னாடி சொல்லட்டும்."

தவுக்கே என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கீழே பார்த்தார். "கிடையாது லா" என்றார். "பலகையை நானே கழட்டறேன். போதுமா?"

"போதாது. அடுத்த மாசமும் வந்து பாப்பேன்."

"வா. டிக்கெட் வாங்கிட்டு வா."

அவள் சொன்னபடியே போட்டாள். அதற்கும் திட்டினவர்கள் இருந்தார்கள். ஆனால் அட்டைகள் குறைந்தன. அடுத்த மாதம் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தாள், தவுக்கே பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் வாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் சத்தம் உடனே நிற்கவில்லை. நின்றது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். இன்னும் கொஞ்ச நாள் மோதியது. பிறகு மோதி, காத்திருந்து, மோதியது. பிறகு காத்திருந்தது மட்டும். ஒரு காலையில் நான் கீரையைச் செருகிவிட்டு மேலே வந்து பார்க்கிறேன், மாக்சிக் வலைப் பக்கம் போகவே இல்லை. நேராகக் குழாய்ச் சந்துக்குப் போய், தலையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். "ஓம், நல்லது" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் தழுதழுத்ததை நான் கேட்டதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

வாய்த் தோல் புதிதாக வளர்ந்தது. வலையை எடுத்தோம். கடைசியாகக் கறுப்புத் துணியை எடுக்கும் நாளில் யாழினியைக் கூட்டிப் போனேன். பிறந்தநாள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம் பிடித்து வந்தாள். துணி விழுந்ததும் ஓடிப்போய், பழைய இடத்தில், பழைய உயரத்தில் முகத்தைக் கண்ணாடியில் ஒட்ட வைத்தாள். கன்னம் தட்டையாகி, மூக்கு நசுங்கி நின்றாள்.

மாக்சிக் பின்பக்கத்திலிருந்து வந்தது. ஓடு மேலே விளக்கு வெளிச்சம் நழுவியது. கண்ணாடிக்குப் பக்கத்தில், யாழினியின் முகத்துக்கு எதிரே வந்தது. அது நிற்கவில்லை. தலையைக் கூடத் திருப்பவில்லை. அவளைக் கடந்து, எடையைச் சுமந்துகொண்டு, தன் பாட்டுக்குக் குழாய்ப் பக்கம் போய்விட்டது.

யாழினி கண்ணாடியை விட்டு முகத்தை எடுத்தாள். அதில் அவள் மூச்சின் வட்டம் மட்டும் இருந்தது.

"அப்பா, அது என்னைப் பாக்கவே இல்லப்பா" என்றாள் அழுகிற குரலில்.

"ஆமாம்மா" என்றேன். "பாக்கவே இல்ல."

அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். நான் ஏன் அவ்வளவு சிரிக்கிறேன் என்று அவளுக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது உங்களோடு பக்கெட் தூக்குகிறாள் அல்லவா, அவளையே கேளுங்கள். சொல்வாள்.